அடுத்த வருசம் காய்க்கும்

தோட்டம் போடுறதப் பத்தியும் மரம் வளக்குறதப் பத்தியும் புத்தகம் எழுதுற ஒருத்தர் திருநெல்வேலியிலருந்து எங்க தலைமடையூருக்கு வந்து, எங்க அண்ணனையும் அவன் பொண்டாட்டி, எங்க மைனியையும் பலாமரத்தடியில நிக்கவச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போய், காய்க்காத மரத்தக் காய்க்க வைக்கிறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. நீங்க படிச்சிருந்தாலும் படிச்சிருப்பீங்க. படிச்சிருந்தா அதத் தூக்கி ஓரமா வச்சுட்டு நான் சொல்லுததக் கேளுங்க, ஏன்னா அந்த ரெண்டு பக்கத்துல போட்டோ மட்டுந்தான் முழுசா நெசம்.

கோடாலியோட பின்பக்கத்தால தட்டுனா பட்டையில அடிபட்டு, இலை செஞ்ச சத்து வேருக்கு இறங்காம கொப்புலயே தங்கிருதாம், அதனால பூக்குதாம். இருக்கட்டும், படிச்ச மனுசன், சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எங்க மைனி வாயத் தொறந்து என்ன சொன்னான்னு அவரு ஒரு வரி எழுதல.

எங்க பக்கத்து வழக்கம் இதுதான். வளந்து ஆளாகியும் காய்க்காம நிக்கிற மரத்த மிரட்டணும். ஒருத்தர் கோடாலியத் தூக்கிக்கிட்டு வரணும், ஒருத்தர் குறுக்க விழுந்து மறிக்கணும். ஊர்ல எல்லாரும் அவங்கவங்க மரத்துக்கு அவங்கவங்களே செஞ்சுக்கிடுததுதான், ஆனா எங்க அண்ணன் ஆவுடையப்பனும் மைனி பிரமாச்சியும் செஞ்சா அதுக்கு ஒரு எடுப்பு உண்டு, அதனால புளியங்குடி எலுமிச்சந் தோட்டத்துலருந்தும் செங்கோட்ட மாந்தோப்புலருந்தும் இவங்களத் தேடி ஆள் வரும். மார்கழி முடியப்போற சமயம், விடிஞ்சும் விடியாத பொழுதுல, அண்ணன் தலப்பாக்கட்டோட மரத்துக்கு முன்னால போய் நின்னு, தண்ணி குடிச்சியே, எருவத் தின்னியே, இம்புட்டு எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கியே, ஒரு பிஞ்சு உண்டுமா உங்கிட்ட, இன்னையோட நீ விறகுன்னு கத்திக்கிட்டே பட்டையில ஒரு தட்டுத் தட்டுவான். மைனி ஓடியாந்து மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிடுவா.

"வேண்டாம், விட்டுருங்க, அடுத்த வருசம் காய்க்கும்."

"யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

அவ்வளவுதான். அண்ணன் கோடாலியக் கீழ போட்டுருவான். அந்தக் கோடாலிக்கு மொனையே கெடையாது, வாழத்தண்டக்கூட நசுக்கத்தான் செய்யும், வெட்டாது. ஆனா மைனி அழுறது மட்டும் நெசமா அழுவா, மூக்கெல்லாம் சிவந்துபோவும். நான் ஒரு ஓரமா நின்னு சிரிப்பேன். "மைனி, நீங்க சினிமாவுக்குப் போயிருந்தா நாம மாடிவீடு கட்டியிருக்கலாம்"னுவேன். அவ முந்தானையில மூக்கத் தொடச்சுக்கிட்டே, "ஏட்டி, போ, கோட்டிக்காரி"ம்பா. அடுத்த வருசம் அந்த மரம் காய்ச்சுத் தொங்கும்.

நான் முப்பிடாதி, ஆவுடையப்பனோட கூடப் பெறந்த ஒரே தங்கச்சி. கட்டிக்குடுத்த எடத்துல இருக்கப் பிடிக்காம ஒரு டிரங்குப் பெட்டியோட திரும்பி வந்தவ. வந்த அன்னைக்கு அண்ணன் வாசல மறிச்சு நின்னுக்கிட்டு, எத்தன நாளைக்கு இருப்ப, எப்பத் திரும்பிப் போவ, ஊர்ல கேட்டா நான் என்னத்தச் சொல்லன்னு குதிச்சான். உள்ள இட்லிக்கு ஆட்டிக்கிட்டிருந்த மைனி கையில மாவோட வந்தா. இவ சீக்கிரம் போயிருவான்னும் சொல்லல, வீட்டுக்கு ஒத்தாசையா இருப்பான்னும் சொல்லல, மரத்துக்குக் குடுக்குற மாதிரி எனக்காக ஒரு வாக்கும் குடுக்கல. "இருந்துட்டுப் போகட்டும்"னா. பெட்டிய வாங்கி உள்ள வச்சா. மாவு பட்ட எடம் அந்தப் பெட்டியில இன்னமும் வெள்ளையாத் தெரியும்.

புத்தகக்காரரு போட்டோ எடுத்துட்டுப் போன வருசம் ஐப்பசி மழையில மைனி காய்ச்சலாப் படுத்தா. தென்காசி ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தோம், அவங்களும் ஆனமட்டும் பாத்தாங்க, கடைசியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுருங்கன்னுட்டாங்க. மூணு பிள்ளைகளும் திருப்பூர்ல. தாக்கல் சொல்லிவிட்டு, கட்டில நடுவீட்டுல போட்டு அவளக் கிடத்துனோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு தொண்டைக்கு வந்துருச்சு.

அண்ணனுக்குச் சாமிகிட்ட கேக்கத் தெரியாது. கோயிலுக்குப் போனாக்கூட எல்லாரு செருப்பையும் பாத்துக்கிட்டு வெளிய நிக்கிற ஆளு. கெஞ்சுறதுக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பாட்டுத்தான், அதையும் அவன் இதுவரைக்கும் பாடுனதில்ல, எதிர்ப்பக்கம் நின்னு கேட்டவன். நான் திரியத் தூண்டிக்கிட்டிருக்கேன், அண்ணன் புறவாசலயே பாக்கான், அங்க யாரோ வந்து நிக்கிற மாதிரி பாக்கான், பாத்துக்கிட்டே இருந்தவன் சடார்னு கட்டிலுக்குக் குறுக்க விழுந்து மைனியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "வேண்டாம், விட்டுரு, அடுத்த வருசம் காய்க்கும்"னான். யாரு பொறுப்புன்னு ஒருத்தரும் கேக்கல. கேக்காமலே, "நான் பொறுப்பு, நான் பொறுப்பு"ன்னு அழுதான்.

புறவாசல்ல துவைக்கிற கல்லுல, இரும்பச் சாச்சு வச்ச சத்தம் கேட்டுச்சு. நான் விளக்க எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தேன். ஆளும் இல்ல, இரும்பும் இல்ல. அண்ணன் கோடாலி எப்பவும் போல அடுக்களை மூலையில கிடக்கு. ஆனா மழை பேஞ்சு நனைஞ்ச கல்லுல ஒரு சாண் அகலத்துக்குத் துருக் கறை இருந்துச்சு. நான் திரும்பி வரும்போது மைனி கண்ணத் தொறந்து வெந்நி கேட்டா.

பொழைச்சுக்கிட்டா. அழ வந்த பிள்ளைக சிரிச்சுக்கிட்டு ஊருக்குப் போனாங்க. எனக்கு இருந்த சந்தோசத்துல அந்தக் கறைய நான் யார்கிட்டயும் சொல்லல, தேங்காநாரு வச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல, விட்டுட்டேன்.

எந்திரிச்ச மைனி அதுக்கப்புறம் உக்காரல. உக்காந்தா மூச்சு முட்டுதுன்னு நின்னுக்கிட்டே இருந்தா, நின்னுக்கிட்டே தூங்குனா, கொஞ்ச நாள்ல வீட்டுக்குள்ளயும் வரமாட்டேன்னு புறவாசல்ல அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துலயே நின்னுட்டா. தை மாசம் அவளுக்கு நான் தண்ணி ஊத்திவிடும்போது பாத்தேன், இடது பக்கம் விலாவுக்குக் கீழ விரல் நீளத்துக்குப் பச்சையா ஒரு உறை, அது வெடிச்ச எடத்துல முள்ளு முள்ளா ஒரு பலாப்பிஞ்சு.

"வலிக்கா மைனி?"

"வலிக்கல. இழுக்கு."

ஊர்ல ஒருத்தருக்கும் இது அதிசயமாப் படல, அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறமாட்டேங்குது. வாக்குக் குடுத்தாச்சு, காய்க்கத்தானே செய்யும்னாங்க. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து அமுக்கிப் பாத்து, கட்டின்னு எழுதிக்கிட்டு, சத்து மாத்திரை குடுத்துட்டுப் போனாங்க. பொம்பளைகளுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு, இதுக்கு வளைகாப்புப் போடணும்னு ஒரு கூட்டம், மூணு பெத்தவளுக்கு எதுக்குட்டி வளைகாப்பு, இது தலைக்காய், இதக் கோயிலுக்குத்தான் குடுக்கணும்னு ஒரு கூட்டம், கடைசியில வளையலும் போட்டு, கோயிலுக்கும் நேந்து, ரெண்டு பக்கத்தாரும் அங்கனயே நின்னு எலுமிச்சஞ்சோறு தின்னாங்க. பிஞ்சு வளர வளர அணில் வந்தா கடிச்சுரும்னு பக்கத்து வீட்டுக்காரி சாக்குத் துணியால கட்டிவிட்டா. பாரம் தாங்காதுன்னு அண்ணன் கயிறு கட்டித் தோள்ல முட்டுக் குடுத்தான். எதிர் வீட்டுக்காரன் ஒரு கூடை ஆட்டுப் புழுக்கையக் கொண்டாந்து அவ காலடியில கொட்டுனான். காலையில செம்புல தண்ணி குடுத்துக்கிட்டிருந்தவங்க, யாரு ஆரம்பிச்சாங்களோ, குடத்தோட வந்து காலுல ஊத்திட்டுப் போக ஆரம்பிச்சாங்க. அவ எதிர்லயே நின்னுக்கிட்டு அவளப் பத்தி அவங்களுக்குள்ள பேசுனாங்க. நல்லா வந்திருக்குன்னாங்க, வெயில் இன்னும் கொஞ்சம் பட்டா ருசி கூடும்னாங்க.

பிள்ளைக மூணு பேரும் பங்குனி உத்திரத்துக்கு வந்தாங்க, பாத்தாங்க, அம்மா நல்லா இருக்கால்ல, அது போதும்னு காயத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாங்க. புத்தகக்காரரும் வந்தாரு, ரெண்டாவது பதிப்புக்கு விசயம் சேக்க. மைனியப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பெறவு அண்ணன்கிட்ட மண்ணு என்ன மண்ணுன்னு கேட்டாரு, மழை எப்படின்னு கேட்டாரு, எழுதிக்கிட்டாரு, போட்டோ எடுக்காமப் போயிட்டாரு.

அண்ணனுக்கு ஒரே பெருமை. மீசைய முறுக்கிக்கிட்டு அலைஞ்சான். இன்னாருக்கு இத்தன சுளைன்னு ஊர் பூராவும் சொல்லி வச்சிருந்தான். பங்குனி கழிஞ்சு ஒரு நாள் நான் மைனி காலுல கொசு கடிக்குதேன்னு வேப்பெண்ணெய் தடவக் குனிஞ்சேன். சேலைய ஒதுக்குனா, பாதம் இல்ல. கரண்டைக்காலு மண்ணுக்குள்ள இறங்குது, அதுக்கு மேல முழங்கால் வரைக்கும் தோலு தடிச்சு வெடிச்சுப் பட்டையாக் கிடக்கு. அங்கனயே உக்காந்து ஒப்பாரி வச்சேன்.

"கத்தாதட்டி முப்பிடாதி"ன்னா மைனி. அவ பேசி ரொம்ப நாள் ஆயிருந்துச்சு, குரல் தொண்டையிலருந்து வரல, எங்கயோ கீழருந்து வந்துச்சு. "ஒண்ணு சொல்லட்டா? எத்தன மரத்துக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். என் பாட்டுக்குக் குடுத்துட்டு வந்து காப்பி குடிப்பேன். அதுக எப்படி ராவும் பகலும் நின்னிருக்கும்னு இப்பத்தான் தெரியுது. அதுக ஆசையாப் பூக்கலட்டி. பயந்து பூத்திருக்கு."

"உங்களுக்கும் பயமா இருக்கா மைனி?"

"சாவுக்குப் பயம் இல்ல. இது பழுக்கும், அறுப்பாங்க, தின்பாங்க, அடுத்த வருசமும் வந்து பாப்பாங்க. என் முதுகப் பாரு."

பாத்தேன். முதுகுல கழுத்துக்குக் கீழருந்து இடுப்பு வரைக்கும் புதுசு புதுசாப் பச்ச உறைக வரிசையா விட்டிருந்துச்சு.

நேரா அண்ணன்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். அவன மாதிரிக் கூறுகெட்டவன் உண்டுமான்னு கேட்டேன். "மைனி பூராவும் மரமாயிருவா அண்ணே. குடுத்த வாக்கத் திருப்பி வாங்கு"ன்னேன். அவன் மீசையிலருந்து கைய எடுத்துட்டான். அவனுக்கும் எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு, பாவி.

"வாங்கலாம்ட்டி. வாங்குனா அன்னைக்கு வந்தவன் கோடாலியத் திருப்பி எடுத்துருவான். கல்லுல சாத்தித்தான் வச்சிருக்கான், கொண்டுபோகல. நான் தெனமும் அந்தக் கறையப் பாக்கேன். மரமா நின்னாலும் எங்கண்ணு முன்னால நிப்பால்ல?" அப்படிச் சொல்லிட்டு அவன் சின்னப்பிள்ள மாதிரி அழுதான். எனக்கு அவன அடிக்கவும் மனசு வரல, கட்டிப் பிடிக்கவும் மனசு வரல. வாக்கு நின்னா மைனி மரம், வாக்குப் போனா மைனி பொணம். இதுதான் எங்க வீட்டு நெலம.

ஆடி மாசம் காய் பழுத்துச்சு. வாசன நாலு தெருவுக்கு அடிச்சுச்சு, ஈ மொய்ச்சுச்சு, தெருநாயிக எங்க புறவாசலப் பாத்துப் பாத்து ஊளையிட்டுச்சு. ஒரு செவ்வாக்கிழம சாயங்காலம் அறுக்கிறதுன்னு முடிவாச்சு. ஊரே வந்திருச்சு, ஆளாளுக்குக் கையில போணி, சட்டி, வாழையிலை. சுளை ஒட்டாம இருக்கணும்னு எண்ணெய்க் கிண்ணத்தோட ஒருத்தி வந்திருந்தா. அண்ணன் கையில புது அருவா, சாணை பிடிச்சது. அடுக்களை அருவாமணையத் தவிர எங்க வீட்டுக்குள்ள மொனையுள்ள இரும்பு வந்தது அதுதான் மொத தடவ. அவன் விரல மடக்கிக் காயத் தட்டிப் பாத்தான், தொம் தொம்னு பழுத்த சத்தம், ஒவ்வொரு தட்டுக்கும் மைனி கண்ண மூடி மூடித் தொறந்தா. பெறவு என்னயப் பாத்தா. சும்மா பாத்தா.

நான் எப்படிப் போனேன்னு எனக்கே தெரியாது. காலமெல்லாம் ஓரமா நின்னு இந்தக் கூத்தப் பாத்துச் சிரிச்சவ, குறுக்க போய் விழுந்து, பட்டையும் சேலையுமா நிக்கிற அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "வேண்டாம்ணே, விட்டுரு"ன்னேன்.

அண்ணன் அருவாள ஓங்குன கையோட நின்னான். அவன் கண்ணு என்னயக் கெஞ்சுது, ஆனா வாயிக்கு இத்தன வருசத்துப் பழக்கம், அது அது பாட்டுக்கு அந்தப் பழைய கட்டைக் குரல்ல கேட்டுச்சு.

"அடுத்த வருசம் காய்க்குமா?"

ஊரே எம் மொகத்தப் பாக்குது. காய்க்கும்னு சொல்லணும். சொன்னா எல்லாரும் சுளை தின்னுட்டு வீட்டுக்குப் போவாங்க.

"காய்க்காது"ன்னேன். "அடுத்த வருசமும் காய்க்காது, அதுக்கடுத்த வருசமும் காய்க்காது. ஒண்ணுக்கும் ஆகாது."

"யாரு பொறுப்பு?"

"ஒருத்தரும் பொறுப்பு இல்ல. இருந்துட்டுப் போகட்டும்."

துவைக்கிற கல்லுல இரும்ப எடுக்குற சத்தம் கேட்டுச்சு. கல்லுல ஒரசி எடுக்குற சத்தம், அங்க நின்ன அத்தன பேருக்கும் கேட்டுச்சு. எண்ணெய்க் கிண்ணம் கீழ விழுந்துச்சு. அண்ணன் அருவாளப் போட்டுட்டு அந்தப் பக்கமா வந்து மைனியக் கட்டிக்கிட்டான், குடுக்கிறதுக்கு அவன்கிட்ட இனி வாக்கு இல்ல. மண்ணு அமுங்குற சத்தம் ஒரு ஒரு அடியா எங்ககிட்ட வந்துச்சு. அப்பத்தான் வெட்டுன பச்ச மரத்து வாசன, பலாப்பழ வாசனையவே அமுக்கிருச்சு. எம் பிடரியில மூச்சு பட்டுச்சு, சில்லுன்னு. நான் கண்ண மூடிக்கிட்டேன், ஆனா கைய எடுக்கல.

எம்புட்டு நேரம் நின்னுச்சோ. பெறவு சத்தம் எங்களச் சுத்திக்கிட்டு, வீட்டுக்குப் பக்கத்துச் சந்து வழியாப் போச்சு. எங்க தெரு நாய் கொலைச்சுது, அடுத்தாப்புல மேலத்தெரு நாய், அதுக்கப்புறம் வாய்க்காப் பாலத்து நாய், தள்ளித் தள்ளிப் போய் அடங்கிச்சு.

பழம் தானாக் காம்பறுந்து விழுந்துச்சு. விழுந்து ரெண்டாப் பொளந்துச்சு. உள்ள ஒரு சுளை இல்ல, கொட்டை இல்ல, பூராவும் வெள்ளச் சடை நாரு. போணியோட வந்தவங்க எட்டிப் பாத்துட்டு, இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்னு மொணங்கிக்கிட்டே கலைஞ்சாங்க. மைனி கடலச்செடியப் பிடுங்குனாப்புல ஒவ்வொரு காலா மண்ணுலருந்து இழுத்தா, வேரெல்லாம் ரத்தமா இருந்துச்சு, துவைக்கிற கல்லப் பிடிச்சுக்கிட்டு மெல்லக் கீழ உக்காந்தா.

"காலு கடுக்குட்டி"ன்னா.

நாங்க மூணு பேரும் அங்கனயே உக்காந்து அழுதோம். முதுகுல இருந்த பிஞ்செல்லாம் கருகி ஒரு வாரத்துல உதுந்துருச்சு. முழங்காலுக்குக் கீழ மட்டும் அந்தப் பட்டை போகவே இல்ல, இன்னைக்கும் மழை பேஞ்சா அந்த எடம் ஊறுதுன்னு சொல்லுவா.

அதோட எங்க ஊர்ல மரத்த மிரட்டுற வழக்கம் நின்னுபோச்சு. காய்க்கிறது காய்க்கு, காய்க்காதது நிக்கி. முதல்ல கொஞ்ச நாள் ஜனங்களுக்குக் கோவம் இருந்துச்சு, பெறவு மறந்துட்டாங்க, அதுவும் அவங்களுக்குச் சுலபந்தான். புத்தகக்காரரு ரெண்டாவது பதிப்ப அனுப்பியிருந்தாரு. அந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துட்டு, சில மரங்கள் காய்ப்பதில்லை, நிழலுக்கு இருக்கட்டும்னு ஒரு வரி போட்டிருந்தாரு. மைனிக்குப் படிச்சுக் காட்டுனேன். பரவால்ல, மனுசனுக்கு வெளங்கிருக்குன்னா.

ஆனா ஒண்ணு. போனவன் போயே போயிட்டான்னு நெனச்சுக்கிடாதீங்க. சில நாள் விளக்கு வைக்கிற நேரத்துல வாய்க்காப் பாலத்து நாய் கொலைக்கும், அடுத்தாப்புல மேலத்தெரு நாய், அதுக்கப்புறம் எங்க தெரு நாய். புறவாசல்ல பச்ச மரத்து வாசன வரும். அண்ணன் வெறுங்கையோட எந்திரிச்சு நிப்பான். நான் மைனி பக்கத்துல போய் ஒட்டிக்கிடுவேன். நாங்க ஒண்ணும் கேக்கவும் மாட்டோம், ஒண்ணும் தாரேன்னு சொல்லவும் மாட்டோம். கொஞ்ச நேரத்துல நாயிக கொலைக்கிற சத்தம் வந்த வழியே தள்ளிப் போவும்.

நேத்துச் சாயங்காலமும் அப்படித்தான் வந்துச்சு, வந்து ரொம்ப நேரமாப் போகல. மைனி அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டிருந்தவ தலையத் தூக்கிப் புறவாசலப் பாத்தா. காலத் தடவி விட்டுக்கிட்டா.

"எம்புட்டு நேரந்தான் அந்த மனுசன் நிப்பாரு. ஏட்டி முப்பிடாதி, அவர அந்தக் கல்லுல உக்காரச் சொல்லு. நிக்கிறது எம்புட்டு வலின்னு எனக்குத் தெரியும்"ன்னா.